ஊவன்னாவுக்கு மட்டும் ஒரு டக்

காலையில் போன சிமெண்ட் லாரி மத்தியானம் அதே சிமெண்டோடு திரும்பி வந்து கிடங்கு வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"சிமெண்ட், நானூத்தி இருபது முட்டை."

சுமை ஏற்றுகிற ஆட்கள் அப்படியே நின்றார்கள். தோளில் ஐம்பது கிலோ இருக்கும்போது சிரிப்பது சுலபமில்லை. ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து சிரித்தார்.

"சைட்டுல சரக்கு வாங்கி வெக்கிற அந்த ஸ்டோர் அம்மா லாரியச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, 'முட்டை எங்கே?'ங்குது. நான் என்னத்தச் சொல்ல? வழியில பொரிச்சு ஓடிப்போச்சுன்னா?"

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த டன்னு மட்டும் சிரிக்கவில்லை. சீட்டை அடித்தவர் அவர்தான்.

டன்னு என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். இன்றைக்கு எத்தனை டன் ஏற்றினேன் என்று சாயங்காலம் யாரைப் பார்த்தாலும் சொல்லுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். போன வருடம் இடுப்பில் ஒரு வட்டு பிதுங்கிவிட்டது. "இனிமே அஞ்சு கிலோவுக்கு மேல நீங்க தூக்கினா, உங்கள நாலு பேர் தூக்க வேண்டி வரும்" என்று மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன் பிடித்தபடி சொன்னார். டன்னு ஆறு வாரம் தட்டச்சு வகுப்புக்குப் போனார். மேலாளர் பார்த்து, சீட்டு அடிக்கிற நாற்காலியைக் கொடுத்தார். பஞ்சு பிய்ந்த நாற்காலி. ஒரு சக்கரம் கிடையாது. ஆனால் முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் வேலை நேரத்தில் அவர் முதுகைச் சாய்த்தது அதில்தான்.

மேலாளர் சீட்டோடு உள்ளே வந்தார்.

"இது எத்தனாவது?"

"மூணாவது, சார்."

"முதல் தடவை யூரியா நூத்தம்பது முட்டை. சிரிச்சுட்டு விட்டேன். ரெண்டாவது தடவை, வாங்கினவங்க காலி முட்டை அட்டை ஒண்ணு அனுப்பிவெச்சாங்க. அதையும் விட்டேன். இப்ப லோடே திரும்பி வந்திருக்கு. இன்னொரு தரம் நீங்க முட்டை போட்டீங்கன்னா, டன்னு, இந்த நாற்காலி கிடையாது. மேஸ்திரிகிட்டப் போய் நில்லுங்க. அவர் என்ன தூக்கச் சொல்றாரோ தூக்குங்க."

மூன்று சீட்டிலும் மேலாளரின் கையெழுத்து இருந்தது.

"சார், மூட்டைக்குப் பதிலா பைன்னு போட்டா?"

"பையா? காய்கறி வாங்கவா போறோம்? நம்ம கம்பெனி முத்திரையிலயே மூட்டைதான் இருக்கு."

சீட்டு அடிக்கிற மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் மேலாளரின் மைத்துனர். அது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அந்த விஷயத்தில் மைத்துனரைப் போலவே. ஒவ்வொரு லாரிக்கும் எல்லா எழுத்தையும் முதலிலிருந்து அடித்தாக வேண்டும்.

குற்றம் விரலில் இருந்தது. டன்னுவின் இடது நடுவிரல் ஒரு தரம் லாரிக் கதவில் நசுங்கி, நுனி கரண்டி போல அகன்று போனது. தமிழ் விசைப்பலகையில் உனாவும் ஊவன்னாவும் அந்த விரலின் பொறுப்பு. உனா நடு வரிசையில் இருக்கிறது. அதற்கு மேல் வரிசையில், மூக்குக்கு மேல் நெற்றி மாதிரி, ஊவன்னா. அலுவலகக் கீபோர்டோ அப்பளத்தைப் போலத் தட்டை. கொசு உட்கார்ந்தாலும் எழுத்து விழும். ஊவன்னாவுக்கு ஏறிவிட்டதாக டன்னு நினைப்பார். கரண்டி விரல் உனாவிலேயே படுத்திருக்கும். திரையில் 'மு'வுக்கும் 'மூ'வுக்கும் இடையே ஒரு சுழிதான். அந்தத் திரையில் அது தூசி மாதிரி தெரியும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தார். அவருக்கு ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு காலர் தைப்பவர்.

"ஏங்க, நாளைக்கு ஒரு முட்டை விழுந்தா உங்க இடுப்பு என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன். நீ சிரிச்சு முடிச்சா சேர்ந்து யோசிக்கலாம்."

"நாங்க ஜீன்ஸ் துணிக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி போடுவோம். மெல்லிசு துணிக்கு ஒன்பது. உங்க விரல் ஜீன்ஸுங்க. அதுக்குப் போய் பட்டுத்துணி ஊசியப் போட்டு வெச்சிருக்கானுங்க. கிளம்புங்க, கடைக்குப் போவோம்."

கடை ஒரு சந்தில், இரண்டு ஆள் அகலத்தில் இருந்தது. கடைக்காரப் பெண் கூந்தலை ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார். சுவர் முழுக்கக் கீபோர்டு. மூலையில் தாடி வைத்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று மனைவி மெல்லக் கேட்டார்.

"அவர் எங்க வாடிக்கையாளர், அக்கா. சத்தம் பாக்குறாரு. வீட்டுல ஏற்கெனவே பதினொரு கீபோர்டு வெச்சிருக்காரு."

"பதினொண்ணா!" டன்னு தாடிக்காரரைப் பார்த்தார். "தம்பிக்கு எத்தனை கை?"

தாடிக்காரர் கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னார். "ஒவ்வொண்ணும் ஒரு சத்தம், அண்ணே. இது கேளுங்க. மழை விட்டப்புறம் தகரத்துல சொட்டுற கடைசி சொட்டு."

"எனக்கு எழுத்து விழுந்தாப் போதும்பா."

கடைக்காரப் பெண் ஒரு சின்னத் தட்டை எடுத்து வைத்தார். அதில் கலர் கலராகப் பன்னிரண்டு விசைகள். "ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில தனியா ஒரு சுவிட்ச் இருக்கும். சிவப்பு வழவழன்னு இறங்கும். பழுப்புல நடுவுல ஒரு சின்ன மேடு தட்டும். நீலம் டக்குன்னு சத்தம் போடும். அமுக்கிப் பாருங்க. இந்தச் சிவப்புக்கு நாப்பத்தஞ்சு கிராம் அழுத்தினாப் போதும்."

"கிலோவா?"

"கிராம்."

டன்னு தன் விரலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நாப்பத்தஞ்சு கிராம் என் விரல் வெறுமனே இருந்தாலே இருக்கும், தாயி. இருக்கறதுலயே கனமானது எது?"

"எண்பது கிராம். அத யாரும் வாங்க மாட்டாங்க. ரெண்டு பக்கம் அடிச்சாலே விரல் வலிக்கும்பாங்க."

"குடுங்க."

அமுக்கினார். விசை உடனே இறங்கிவிடவில்லை. கொஞ்சம் முறைத்தது, பிறகு வழிவிட்டது. டன்னுவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. எதிர்த்து நிற்கிற எதையும் அவருக்குப் பிடிக்கும். அப்புறம் மூட்டையைப் பார்ப்பது போலவே கீபோர்டையும் பார்த்தார்: பக்கவாட்டில் தட்டினார், நான்கு மூலையையும் இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையில் வைத்துத் தூக்கி, "ஒண்ணே கால் கிலோ" என்றார். கடைக்காரப் பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம் என்று போட்டிருந்தது.

"டாக்டர் அஞ்சு வரைக்கும் தூக்கலாம்னாரு. பிரச்சினையில்ல" என்றார் டன்னு.

எல்லா எழுத்துக்கும் நீலம் போட்ட ஒன்றின் முன் உட்கார வைத்து அடிக்கச் சொன்னார்கள். கடை முழுக்கப் பொரி வறுபட்டது. டன்னுவுக்குச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாரும் கத்துறானுங்க. எவன் கத்தினான்னு தெரியல."

"அப்படின்னா?"

"நாங்க லாரிக்கும் கிடங்குக்கும் நடுவுல பலகை போட்டு ஏத்துவோம். ஒரு பலகை, ஒரு ஆள். ரெண்டு பேர் ஏறினா முறிஞ்சிரும். முன்னாடி என்ன நடக்குதுன்னு தோள்ல மூட்டை வெச்சவனுக்குத் தெரியாது. அதனால யாரும் வாயே திறக்கக் கூடாது. பலகையத் தாண்டி இறங்கினவன் மட்டும் 'ஆச்சு'ன்னு குரல் குடுப்பான். அடுத்தவன் ஏறுவான். ஆளாளுக்குக் குரல் குடுத்தா அன்னிக்கு யாராவது விழுவான்." அவர் ஊவன்னாவின் மேல் விரலை வைத்தார். "எல்லா எழுத்தும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கட்டும். எண்பது கிராம். இது ஒண்ணு மட்டும் டக்குன்னு சொல்லணும். நான் மேல ஏறிட்டேனான்னு எனக்குத் தெரியணும். முடியுமா?"

கடைக்காரப் பெண் அந்த விசையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "முடியும்" என்று குறடை எடுத்தார்.

தாடிக்காரர் கண்ணைத் திறந்தே விட்டார். "ஒரே ஒரு கீ மட்டுமா? அண்ணே, ஒரு பாட்டுல ஒரே ஒருத்தன் மட்டும் ஜால்ரா தட்டின மாதிரி இருக்கும்!"

"தட்டட்டும்யா. பாட்டு எங்கே நிக்குதுன்னாவது தெரியும்ல?" என்றார் மனைவி.

மறுநாள் கீபோர்டு வேலை செய்தது. ம, அடுத்து ஊவன்னா: டக். திரையில் மூ. டக் வரவில்லையென்றால் டன்னு நின்றுவிடுவார், அழிப்பார், மறுபடி ஏறுவார். ஒரு வாரம் முட்டையே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஆட்களுக்கும் விஷயம் தெரிந்து, உள்ளே டக் என்றதும் வெளியே யாராவது "ஆச்சு!" என்று குரல் கொடுத்தார்கள். மேலாளர் இரண்டு தரம் முறைத்துப் பார்த்தார். முட்டை இல்லாததால் விட்டுவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டன்னுவின் வாழ்க்கையில் அதுவரை எந்தப் பொருளும் அவர் விரல் பட்டதற்காகச் சந்தோஷமாக ஒரு சத்தம் போட்டதில்லை. மற்ற முப்பது எழுத்தும் கல் மாதிரி. ஒவ்வொன்றையும் தள்ளித்தான் இறக்க வேண்டும். ஊவன்னா வந்ததும் டக். சுமையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிற கணம் மாதிரி இருந்தது அது. ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு டக் என்பது போகப் போகக் கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

முதலில் எண்ணை எழுத்தில் அடித்தார். நூறு, டக். முந்நூறு, டக். மூன்று லாரி வந்தால் 'மூன்றாவது லாரி' என்று போட்டார். வீட்டில் சாப்பிடும்போது, "கூடுதல்னு ஒரு வார்த்தை இருக்குல்ல?" என்று திடீரெனக் கேட்டார். "தூண், நூல், பூட்டு, சூடு" என்று தூக்கத்தில் சொன்னார்.

"எந்த வீட்டுப் பூட்டு?" என்று மனைவி எழுப்பிக் கேட்டார். "வேலை போனா வேற தொழிலுக்கு இப்பவே பழகுறீங்களா?"

வெள்ளிக்கிழமை மேகம் கறுத்திருந்தது. ஸ்டோர் அம்மாவின் கட்டுமான இடத்துக்கு மறுபடி சிமெண்ட் போக வேண்டியிருந்தது. ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை எழுதி வைப்பது நல்லதுதானே என்று டன்னு நினைத்தார். தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகவும் என்பதுதான் மனதில் இருந்தது. ஆனால் 'தார்ப்பாய் போட்டு' என்பதில் ஒரு ஊவன்னாகூடக் கிடையாது. எண்பது எண்பது கிராமாக வெட்டிச் சுமை. அதை விட்டுவிட்டார். எண்ணிப் பார்க்கவும் என்பதிலும் டக் இல்லை. அதற்குப் பதில் வேறு போட்டார். மேலாளர் கையெழுத்துப் போட்டார். லாரி போனது.

ஒன்றரை மணி நேரத்தில் அதே லாரி அதே சிமெண்டோடு திரும்பி வந்தது. இந்த முறை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஸ்டோர் அம்மா இருந்தார். தலையில் பாதுகாப்புத் தொப்பி. கையில் சீட்டு. தாளில் இருப்பது வண்டியில் இருக்க வேண்டும், வண்டியில் இருப்பது தாளில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை எதுவும் இல்லாதவர் என்று ஓட்டுநர்கள் சொல்லுவார்கள். நேராக அலுவலகத்துக்குள் வந்து மேலாளரின் மேஜையில் சீட்டை அறைந்தார்.

"படிங்க. சத்தமாப் படிங்க."

மேலாளர் படித்தார். "சிமெண்ட். நானூற்று இருபது மூட்டை. கூட்டிப் பார்க்கவும்." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "மூடிக்கொண்டு போகவும்."

ஸ்டோர் அம்மா அந்த வரியை விரலால் தட்டினார்.

"நான் எண்ணிப் பாத்துட்டு மூடிக்கிட்டுப் போகணுமாம்! போன தடவை லோடத் திருப்பி அனுப்பினேன்ல, அதுக்குப் பதிலா இது? பதினஞ்சு வருஷமா ஸ்டோர் பாக்குறேன். ஒரு மேஸ்திரிகூட என்னைப் பாத்து இப்படிச் சொன்னதில்ல!"

"ஐயோ மேடம், அது உங்களுக்கில்ல" என்றார் டன்னு.

"அப்ப எனக்கா?" என்றார் ஓட்டுநர் வாசலிலிருந்து.

மேலாளரின் முகம் சிவந்திருந்தது. "முட்டை போடாதீங்கன்னு சொன்னேன். சரின்னு நிறுத்தினீங்க. நிறுத்திட்டு இதப் போட்டிருக்கீங்க. எழுந்திருங்க, டன்னு. மேஸ்திரிகிட்டப் போங்க."

டன்னு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூன்று தவணையில் எழுந்தார். ஜன்னலில் நின்ற மேஸ்திரி உள்ளே தலையை நீட்டினார்.

"சார், இவரு ஒரு மூட்டையத் தூக்கினா, இவரத் தூக்க நான் நாலு ஆளை அனுப்பணும். அந்த நாலு பேரு மூட்டைய அப்புறம் யாரு தூக்குறது? எனக்கு வேண்டாம் சார். நீங்களே வெச்சுக்குங்க."

"உம்மை யாரும் கேக்கல."

டன்னு ஸ்டோர் அம்மாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத வாய். உண்மையோ பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. "மேடம், தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டுப் போன்னு டிரைவருக்குத்தான் எழுத நினைச்சேன். தார்ப்பாய்ல சத்தம் வராது. மூடியில வரும். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு அடிச்சுட்டேன். எங்க வீட்டம்மா மேல சத்தியம்."

"என்ன சத்தம்? யாருக்குக் காது குத்துறீங்க?"

"நீங்களே அமுக்கிப் பாருங்க. இடது பக்கம், மேல் வரிசை, மூணாவது."

ஸ்டோர் அம்மா சந்தேகத்தோடு குனிந்து அமுக்கினார்.

டக்.

"ஆச்சு!" என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல், பழக்க தோஷத்தில்.

அவர் பக்கத்து விசையை அமுக்கினார். சத்தமில்லை. அதற்குப் பக்கத்தில். இல்லை. மறுபடி மேலே. டக். அவர் நெற்றியில் இருந்த சுருக்கம் ஒன்று தளர்ந்தது. உடனே அதை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"சரி. ஆசைங்கறீங்க. ஆசைய அடக்கத் தெரியுமா? என் கண்ணு முன்னால ஒரு சீட்டு அடிங்க. தேவையானது மட்டும். ஒரு எழுத்து குறைஞ்சாலும் கூடினாலும் நாற்காலிய விட்டுடணும். சரியா இருந்தா நான் லோட எடுத்துக்கிட்டுப் போயிடுறேன், நடந்தத மறந்துடுறேன். என்ன சொல்றீங்க?"

மேலாளர் தலையாட்டினார். லோடு போனால் போதும் அவருக்கு.

டன்னு உட்கார்ந்தார். ஜன்னலில் பன்னிரண்டு தலை. சிமெண்ட் என்று அடித்தார். கல் கல்லாக இறங்கியது. எண்ணை எழுத்தில் போடலாமா என்று விரல் கேட்டது. போடவில்லை. 420 என்றே போட்டார். ம. கரண்டி விரல் மேலே ஏறியது. டக். ட, புள்ளி, ட, ஐ. மூட்டை.

முடிந்தது. ஆனால் நடுவிரல் இன்னும் ஊவன்னாவின் மேலேயே கிடந்தது. 'கூடவே' என்று ஒரு வார்த்தை அதன் நுனியில் வந்து நின்றது. 'தூறல்' நின்றது. 'மூன்று மணிக்குள்' நின்றது. டன்னுவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. நூறு கிலோவை ஒற்றை ஆளாய் ஏற்றியபோதுகூட இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. இடது கையைப் பிடுங்கி, தொடைக்கடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் திரையில் மூக்கு முட்டக் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சீட்டை எழுத்து எழுத்தாகப் படித்தார். "சரியா இருக்கு, மேடம்."

"நானும் பாக்கணும்" என்று ஸ்டோர் அம்மா குனிந்தார். திரையைத்தான் பார்த்தார். கை மட்டும் தன்பாட்டுக்கு விசைப்பலகைக்கு வந்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக். கண் சொருகிய மாதிரி இன்னொரு டக். பிறகு நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ம். சரிதான். பிரிண்ட் போடுங்க."

மேலாளர் போட்டார். படிக்காமல் கையெழுத்தும் போட்டார். ஒரு தடவைதான் படித்தாகிவிட்டதே.

ஸ்டோர் அம்மா லாரியருகே போய், வழக்கம்போலத் தாளையும் வண்டியையும் ஒத்துப்பார்க்க நின்றார். முதல் வரி சரி. இரண்டாவது வரியில் கண் நின்றது. 420 மூட்டைஊஊஊ.

அவர் லாரியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அடித்தது யார் விரல் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது வாயைத் திறந்தால் முதலில் மாட்டுவது டன்னுதான் என்பதும் தெரியும். மேஸ்திரி பக்கத்து ஆளின் வாயைப் பொத்தினார்.

ஸ்டோர் அம்மா வண்டியின் பக்கக் கதவில் தாளை வைத்து, பேனாவை எடுத்து, பெற்றுக்கொண்டவர் குறிப்பு என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்:

'மூட்டை 420. ஊ 3. எல்லாம் சரியாக இருக்கிறது.'

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நகலைக் கிழித்து மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் அதை இரண்டு தரம் படித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஸ்டோர் அம்மா லாரியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் பக்கம் தலையை நீட்டினார். "ஏங்க! அந்தக் கடை எங்க இருக்கு?"

டன்னு வழி சொன்னார். லாரி கிளம்பியது. தார்ப்பாய் போட்டிருந்தது.

"அண்ணே, நாற்காலி?" என்று மேஸ்திரி கேட்டார்.

"உக்காந்துதான்யா இருக்கேன்" என்றார் டன்னு. "கைதான் மரத்துப் போச்சு."